கற்றதைப் பகிர்ந்தவர்

பால் தயிராகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. விறகு எரிந்து சாம்பலாகிறது. ஒரு பொருள் எப்படி வேறு பொருளாக மாறுகிறது? இதை ஆராயும் அறிவியலே வேதியியல்.

சீன நாட்டில் டாங் ஆவோசிங் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். இவர் 1915-ஆம் ஆண்டு யீசிங் என்னும் ஊரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்றார். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். மேலும் படிக்க ஆசைப்பட்டார். 1936-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

நடந்து போய்ப் படித்தார்

அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஜப்பான் படை பெய்ஜிங் நகரைப் பிடித்தது. மூன்று பல்கலைக்கழகங்கள் தெற்கே சாங்ஷா நகருக்கு இடம் மாறின. போர் அங்கும் நெருங்கியது. 1938-ல் தொலைவில் உள்ள குன்மிங் நகருக்குப் புறப்பட்டன. வழி சுமார் 1,600 கிலோமீட்டர். ஏறக்குறைய 300 பேர் பெரும்பகுதி நடந்தே சென்றார்கள். அவர்களில் டாங்கும் ஒருவர். போருக்காக அவர்கள் படிப்பை விடவில்லை.

கண் பார்வை குறைவு

டாங்குக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கரும்பலகை எழுத்து சரியாகத் தெரியாது. ஆகவே பாடத்தைக் காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார். சோதனைக் கூட வேலையும் அவருக்குக் கடினம். எனவே கணக்குப் போட்டு ஆராயும் வேதியியலைத் தேர்ந்தெடுத்தார். அணுக்கள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று ஆராய்ந்தார்.

1946-ல் அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1950-ல் தாய்நாடு திரும்பினார்.

புதிய துறை பிறந்தது

பெய்ஜிங்கில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் 1952-ல் வடகிழக்கே சாங்சுன் நகருக்குப் போனார். அது கடும் குளிர் ஊர். அங்கே சக ஆசிரியர்களோடு சேர்ந்து வேதியியல் துறையைத் தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழகமே பின்னர் ஜீலின் பல்கலைக்கழகம் ஆனது.

டாங் குறிப்பைப் பார்க்காமலே பாடம் நடத்துவார். 1963 முதல் இரண்டு ஆண்டுகள் சிறப்பு வகுப்பு நடத்தினார். எட்டு ஆசிரியர்கள் அதில் படித்தார்கள். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு 1982-ல் நாட்டின் முதல் பரிசு கிடைத்தது. அந்த எட்டுப் பேரும் தங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் எரிந்தன.

1966-ல் சீனாவில் பெரும் குழப்பம் தொடங்கியது. கல்லூரி நுழைவுத் தேர்வு நின்றுபோனது. 1977-ல்தான் மீண்டும் நடந்தது. அடுத்த ஆண்டு டாங் ஜீலின் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். எட்டு ஆண்டுகள் அதை வழிநடத்தினார். 1986-ல் ஆராய்ச்சிக்குப் பண உதவி தரும் தேசிய நிறுவனத்தின் முதல் தலைவரானார். 2008-ல் காலமானார்.

அவர் கற்றது அவரோடு போய்விடவில்லை. அவருடைய மாணவர்களிடம் வளர்ந்தது.

பேசிப் பார்ப்போம்

1. டாங் ஏன் பாடத்தை மனத்தில் பதித்துக்கொண்டார்?
2. சிறப்பு வகுப்பில் படித்த எட்டுப் பேரும் பிறகு என்ன செய்தார்கள்?
3. நீங்கள் கற்றதை யாருக்குச் சொல்லித் தரலாம்?