படகும் தூண்டிலும்

கேள்வி: புரட்டாசியில் குற்றாலத்துக்குத் தனியாக வந்து, படகும் தூண்டிலுமாகக் காட்டுக்குள் நாலு நாள் கழிக்க ஆசை. நடக்குமா? – வாசகர், சென்னை

பதில்: காட்டுக்குள் நடக்காது. அருவிகளுக்கு மேலே காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். சிற்றாறும் அங்கே படகு போகிற ஆறல்ல, பாறைக்குப் பாறை தாவுகிற ஆறு. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது நினைவிருக்கும்.

படகுக்கு ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுகள், குளம் நிரம்பும் சீசனில் மட்டும். புரட்டாசியில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

தூண்டில்தான் உங்களுக்குச் சரி. ஆனால் தென்காசிப் பக்கத்துக் குளங்களில் மீன்பாசியை, அதாவது மீன்பிடி உரிமையை, ஏலம் விடுவார்கள். குத்தகைக்காரரிடம் கேட்காமல் உட்காராதீர்கள். மண்புழு கோத்தால் ஜிலேபி மீன் கொறிக்கும், தக்கை லேசாக நடுங்கும். விரால் மூச்சுக்காக அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு காற்று குடிக்கும். அந்தக் குமிழியைப் பார்த்து வீச வேண்டும். (புரட்டாசியில் பலர் கவுச்சி தொடுவதில்லை. பிடித்ததைச் சமைத்துத் தர ஆள் தேடுவதுதான் சிரமம்!)

தனியாகத்தான் போவேன் என்றால், எந்தக் குளக்கரை என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.