சாண எரிவாயு: மலைநாட்டுக் குடியானவர்களுக்குச் சில குறிப்புகள்

சேலம் ஜில்லா சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை முதலிய கிராமங்களில் காப்பியும் மிளகும் பயிராகும் நிலங்கள் பெரும்பாலும் சரிவானவை. சரிவில் நிற்கும் மரஞ்செடிகளே மழைநீரின் வேகத்தைத் தணித்து மேல்மண்ணைக் காக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. அடுப்புக்காக அவற்றை வெட்டிவிட்டால், ஒரே பருவமழையில் கரைந்தோடும் மண்ணைத் திரும்பப் பெறுதல் அரிது.

2016ஆம் வருஷம் மே மாதம் 1ஆந் தேதி துவக்கப்பட்ட பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின் மூலம், ஏழைக் குடும்பத்து ஸ்திரீகளின் பெயரில் தேசமெங்கும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சமையல் வாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. ஆயினும் உருளை தீர்ந்த சமயம் கையில் ரொக்கம் இல்லையாயின், விறகடுப்பே மறுபடியும் எரியும். தேசத்தில் செலவாகும் இவ்வாயுவில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வருவதால், அதன் விலையும் நம் வசத்தில் இல்லை. சாணமோ நமது தொழுவத்திலேயே இருக்கிறது.

சாணத்தை வரட்டியாக எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். காற்றுப் புகாத கலத்தில் புளிக்கவிட்டாலோ எரியும் வாயு தனியே கிடைக்கும். தழைச்சத்து கழிவுக் குழம்பில் தங்கித் தோட்டத்துக்கு எருவாகும். இதனைப் பரப்பும் பொருட்டு மத்திய சர்க்கார் 1981-82இல் ஒரு தேசியத் திட்டத்தையும் ஆரம்பித்தது.

கணக்கு வருமாறு: இரண்டு கன மீட்டர் கலத்துக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கொட்டிலில் கட்டித் தீனி போடும் மாடுகள் ஐந்து இருந்தால் இச்சாணம் கிடைக்கும். வெளியே மேயும் மாடுகளாயின் பாதியே சேரும். இக்கலம் ஐந்தாறு பேருக்குச் சமைக்கப் போதுமானது. நிறைவாக வேலை செய்தால், 14.2 கிலோ உருளை ஒன்றின் பலனைச் சுமார் 17 நாட்களில் தரும்.

மலையில் கவனிக்க வேண்டியவை:

1. குளிரில் வாயு குறையும். சமவெளியில் சாணம் கலத்தில் 30 முதல் 40 நாட்கள் தங்கினால் போதும். குளிர்ப்பிரதேசத்தில் 55 நாட்கள் வேண்டியிருப்பதால், அதற்கேற்பக் கலத்தைப் பெரிதாகக் கட்டுக.

2. மரநிழலை விலக்கி, வெயில் படும் இடத்தைத் தெரிந்தெடுக்க. பனிக்காலத்தில் கலத்தின்மீது வைக்கோல் பரப்பி, வெதுவெதுப்பான நீரில் சாணத்தைக் கரைக்க.

3. முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்குமாதலால், அதைக் கொளுத்தாமல் வெளியே விட்டுவிடுக. குழாயில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நுரையால் சோதிக்கவும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது.

போதிய மாடும் தண்ணீரும் இல்லாதவர் கலம் கட்டுதல் வீண்செலவு. அன்னார் வரப்போரங்களில் அகத்தி, கிளைரிசிடியா முதலியவற்றை நட்டு, கழித்த கிளைகளை மட்டும் எரித்துச் சரிவிலுள்ள மரங்களைக் காப்பாற்றலாம்.

சகாயத் தொகை வருஷந்தோறும் மாறக்கூடும். ஆகவே கிராம அதிகாரிகள் அதனை ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து, மழைக்காலம் துவங்குமுன்பே குடியானவர்களுக்கு அறிவிப்பது நலம். மழை பிடித்தபின் குழி தோண்டுதல் இயலாது.