முதலில் நுழைந்தது எது?

அன்புள்ள கயல்,

செத்த பன்றிக்குட்டியைப் பற்றிய உன் போஸ்ட்மார்ட்டம் குறிப்பு கிடைத்தது. இதயத்தைச் சுற்றி ஃபைப்ரின் படிவு, மூட்டுகளில் கலங்கல் நீர், கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். சாவுக்குக் காரணம் அதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். பார்த்ததெல்லாம் சரி. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டாய். ஆரோக்கியமான பன்றியின் டான்சிலிலேயே குடியிருக்கிற கிருமி அது. இத்தனை நாள் சும்மா கிடந்தது, ஒரே கொட்டகையில் அடுத்தடுத்துக் குட்டிகளைக் கொல்லும் துணிச்சல் அதற்கு எங்கிருந்து வந்தது? (கையுறை போட்டுத்தானே அறுத்தாய்? மனிதனுக்கு வந்தால் மூளைக்காய்ச்சல். பிழைத்தவர்கள் பலருக்குக் காது போய்விடும்.)

மிசோரமில் வேலை பார்க்கிறவள் இதைக் கேட்காமல் விடலாமா? பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும் வைரஸ் நோயான பி.ஆர்.ஆர்.எஸ். இந்தியாவில் முதன்முதலில் தலைகாட்டியது 2013ல், அங்கேதான். 1980களின் கடைசியில் அமெரிக்கப் பண்ணைகளில் தாய்ப்பன்றிகள் கரு கலைத்தன, குட்டிகள் மூச்சிரைத்துச் செத்தன. காரணம் பிடிபடாமல் ‘மர்ம நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1991ல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வுக்கூடம் வைரஸைப் பிரித்தெடுத்தது. பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜ் செல்களில் வளர்த்துப் பார்த்தபோதுதான் அது அகப்பட்டது. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

காற்றோடு உள்ளே வரும் கிருமிகளை விழுங்கிச் செரிப்பது அந்த மேக்ரோஃபேஜின் வேலை. அதன் மேற்பரப்பில் உள்ள சிடி163 என்ற புரதம் இல்லாவிட்டால் இந்த வைரஸால் செல்லுக்குள் பெருக முடியாது. மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் அந்தப் புரதத்துக்கான ஜீனை முடக்கிய பன்றிகளை உருவாக்கி இதைக் காட்டினார்கள். இதே வழியில் ஜீன் திருத்திய ஒரு பன்றி இனத்துக்கு 2025ல் அமெரிக்காவில் உணவுக்கான அனுமதியும் கிடைத்தது. நம் பண்ணைக்காரருக்கு அது எட்டாத தூரம். செல்லைப் பற்றி மட்டும் தெரிந்துகொள். வைரஸ் புகுந்தால் எந்தச் செல்லும் இன்டர்ஃபெரான் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸின் சில புரதங்கள் அந்தச் சுரப்பையே அடக்கிவிடுகின்றன. பாதிக்கப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் சாகின்றன; சாகாதவையும் பாக்டீரியாவைச் சரியாகக் கொல்வதில்லை. உன் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை பாசிட்டிவ் என்றதும் ‘எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது’ என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிடாதே. எலைசாவில் தெரியும் எதிர்ப்பொருள்கள் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். ஆனால் அவை வைரஸை முடக்குவதில்லை. முடக்கக்கூடியவை தலைகாட்ட நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் வைரஸ் டான்சிலிலும் நிணநீர்க் கணுக்களிலும் பதுங்கிவிடும். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். தேறியதுபோலத் தெரியும் பன்றியை வாங்கி மந்தையில் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பி.ஆர்.ஆர்.எஸ். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் தடுப்பூசி போட்டால் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம். பிறகு நோய் வந்தால் பழி தடுப்பூசி மேலும், ஊசி போட்ட உன் மேலும்தான் விழும்.

கொட்டகைக்குப் போனால் முதலில் செத்த குட்டியிடம் போகாதே. ஈன்ற தாயிடம் போ. பன்றிக்கு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு எதிர்ப்பொருள் போவதில்லை. முதல் நாள் குடிக்கும் சீம்பாலை விட்டால் வேறு வழி கிடையாது. தாய் காய்ச்சலில் படுத்திருக்கிறாளா, குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தனவா, காம்பைத் தேடிப் போகத் தெம்பில்லாமல் மூலையில் குவிந்து கிடக்கின்றனவா என்று பார். சீம்பால் கிடைக்காத குட்டிக்கு நீ எந்த ஆன்டிபயாடிக் போட்டும் பாதிக் கிணறுதான் தாண்டுவாய். போடாதே என்று சொல்லவில்லை. போட்டதோடு கேஸ் முடிந்தது என்று நினைக்காதே என்கிறேன்.

பால் மறந்த பின் முதுகெலும்பு துருத்தி மெலிந்துகொண்டே போகும் குட்டிகள் வேறு ரகம். அங்கே சர்க்கோவைரஸ் வகை 2ஐச் சந்தேகப்படு. தனியாக வந்தால் பெரும்பாலும் நோயாகவே வெளித்தெரியாது. இன்னொரு தொற்று கூடச் சேர்ந்தால்தான் ஆட்டம் காட்டும். தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கும். ஸ்லைடில் பார்த்தால் லிம்ஃபோசைட்டுகள் நிறைந்திருக்க வேண்டிய இடம் வெறிச்சோடி, மேக்ரோஃபேஜ்கள் நிரம்பி, சிலவற்றுக்குள் ஊதாநிற உருண்டைகள் இருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

2021ல் உங்கள் மாநிலத்துக்கு வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இதையெல்லாம்விடக் கொடியது. அதுவும் மேக்ரோஃபேஜில்தான் நுழைகிறது. அங்கே நடப்பது வேலியே பயிரை மேய்ந்த கதை: வைரஸ் புகுந்த மேக்ரோஃபேஜ்கள் கொட்டும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களால், வைரஸ் தொடாத லிம்ஃபோசைட்டுகளும் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. சந்தேகம் துளி வந்தாலும் கத்தியைக் கீழே வை. அறுத்தால் ரத்தம் வழியாகப் பரப்புவது நீயாகத்தான் இருப்பாய். உடனே மேலதிகாரிக்குத் தகவல் சொல்.

இப்போது இந்தக் கேஸுக்கு வா. நுரையீரல் சுருங்காமல், வெளிர் பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாக, அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்ததா? குறிப்பில் ஒரு வரிகூட இல்லையே! அடுத்த குட்டி செத்தால் நுரையீரல், டான்சில், நிணநீர்க் கணு மூன்றையும் ஐஸில் வைத்து பி.சி.ஆருக்கு அனுப்பு, அவற்றிலேயே சிறு துண்டுகளை ஃபார்மலினில் போட்டு வை. உயிரோடிருக்கும் குட்டிகளின் சீரமும் வேண்டும். ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தாதே, பி.ஆர்.ஆர்.எஸ். அதிலும் பரவும். ஸ்லைடு வந்ததும் சாயமேற்றாதவை இரண்டும் சேர்த்து எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
உன் பழைய நோய்க்குறியியல் வாத்தியார்