முட்டுக்காட்டில் சானாவுக்குப் போகும் முன்

அன்புள்ள வாசகருக்கு,

முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மகன் இரண்டு நாள் அறை போட்டிருக்கிறார், அங்கே சானாவும் இருக்கிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நான் உள்ளே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம். ஆனாலும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், இதய வால்வு சுருங்கியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பின்லாந்து சானாவில் 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும். அதில் மனிதர்கள் உட்கார முடிவது காற்று வறண்டிருப்பதால்தான். சுரக்கிற வேர்வை உடனே ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. வெளியே வந்தால் அவர்களுக்குப் பனியும் ஏரியும். நமக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலைப் புழுக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி; மே மாதத்தில் வேர்வை காயவே காயாது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயில் காலம்கூட இல்லை. நம் கடற்கரையில் வெயிலும் புழுக்கமும் கூடினால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தோம். அதனால் சானாவிலிருந்து வந்ததும் நிழலில் அல்ல, மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள். கோடையில் பகல் வேளையைத் தவிர்த்துவிடுங்கள்.

பக்கத்திலேயே நீராவி அறையும் வைத்திருப்பார்கள். அங்கே 45 டிகிரிதான் என்று ஏமாற வேண்டாம். ஈரம் நிறைந்த காற்றில் வேர்வைக்கு வேலையே இல்லை.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வேகமாக நடக்கும்போது துடிப்பதுபோல் இதயம் துடிக்கும், தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். ஒரு தடவைக்கு அரை லிட்டர் வேர்வை போவது சாதாரணம். அந்த நிலையில் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை என்றால், இன்னும் அதிகம். முதல் தடவை ஐந்து நிமிடம், பழகியபின் பத்துப் பதினைந்து, அதற்கு மேல் வேண்டாம். கீழ்ப் பலகையில் உட்காருங்கள், மேலே போகப் போகச் சூடு அதிகம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சூட்டில் மருந்து சீக்கிரம் ஏறிச் சர்க்கரை இறங்கிவிடலாம்.

'நச்சு வெளியேறும், எடை குறையும்' என்பதை நான் நம்பவில்லை. குறைவது தண்ணீர்; இரண்டு டம்ளர் மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும். பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் 2,315 ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வந்தது. வாரத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ சானா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவு என்றது. நல்ல செய்திதான், ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்தானே அத்தனை தடவை போக முடியும்?

எனக்கு அதிகப் பயம் அறையின் சூட்டைப் பற்றி அல்ல, பீர் பாட்டிலையும் பந்தயத்தையும் பற்றித்தான். மது தலைசுற்றலை அதிகமாக்கும், 'போதும், வெளியே வா' என்று உடம்பு சொல்வதையும் மறைக்கும். பின்லாந்தின் ஹெய்னோலாவில் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 2010 ஆகஸ்டில் 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் ரஷ்யப் போட்டியாளர் இறந்தார். எதிராளி கடுமையான தீக்காயங்களுடன் பிழைத்தார். போட்டி அதோடு நின்றது. நம் பிள்ளைகளும் 'அப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம்' என்பார்கள். கேட்காதீர்கள்.

வீட்டுப் பெண்கள் தாலிச் சங்கிலி, வளையல், கொலுசைக் கழற்ற மாட்டார்கள். உலோகம் சூடேறித் தோலைப் பொசுக்கும். கழற்ற மனமில்லை என்றால் உள்ளே போகாமலிருப்பது நல்லது. மருமகள் முழுகாமல் இருந்தால், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், வேண்டவே வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களும் யோசிக்க வேண்டும். தொடர்ந்த சூட்டில் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும்.

வெளியே வந்த சூட்டோடு கடலில் இறங்க வேண்டாம். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் தெளிந்த தலையோடு இருப்பவரையே இழுத்துவிடும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இல்லையா என்று முதலில் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். யாராவது மயங்கினால் வெளியே தூக்கிக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.