கிணற்று நீரில் களைக்கொல்லி: கண்டறியும் முறை

வயலில் தெளிக்கும் மருந்து முழுவதும் வயலிலேயே தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி மழை நீருடன் ஓடையையும் கிணற்றையும் அடைகிறது. அந்நீர் தெளிவாகவே தோன்றும். அதனையே நம் குழந்தைகளும் பருகுகின்றனர். ஆகவே, இதனைக் கண்டறியும் வழியை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மக்காச்சோளத்திற்குத் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியை உதாரணமாகக் கொள்வோம். இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் இது லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். இத்துணைச் சிறிய அளவைக் காண விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவை. எளிய வழியொன்றைப் பிராணிகளின் உடலே காட்டியது.

அந்நியப் பொருள் உடலில் புகுந்தால், அதனைப் பற்றிக்கொள்ளும் 'எதிர்ப்பொருள்' இரத்தத்தில் உண்டாகிறது. பூட்டுக்கேற்ற சாவி போல, அது தனக்குரிய பொருளையே பற்றும். மருந்தின் மூலக்கூறு மிகச் சிறியதாதலால் உடல் அதனைப் பொருட்படுத்தாது. எனவே அதனைப் பெரிய புரதம் ஒன்றுடன் பிணைத்து, முயல் முதலிய பிராணிகளுக்குச் செலுத்தி எதிர்ப்பொருளைப் பெறுகின்றனர். ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே இடைவிடாது உண்டாக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் என்போர் 1975-இல் கண்டனர்.

இனிச் சோதனையைக் காண்போம். பத்துத் தறிகள் மட்டுமே உள்ள கூடத்திற்கு இரு ஊரார் வேலை தேடி வருவதாகக் கொள்ளுங்கள். ஓர் ஊரார் மிகுதியாக வந்தால் மற்றவருக்குத் தறி குறையும். குழாயில் பதித்த எதிர்ப்பொருளே தறி. கிணற்று நீரில் உள்ள அட்ரசின் ஓர் ஊரார். நிறம் உண்டாக்கும் நொதியுடன் இணைத்து நாம் சேர்க்கும் அட்ரசின் மற்றோர் ஊரார். சிறிது நேரம் கழித்துக் குழாயைக் கழுவி, நிறம் தரும் திரவத்தை ஊற்றுவர். நிறம் குறைந்தால் நீரில் மருந்து மிகுதி. நிறம் அடர்ந்தால் மருந்து குறைவு. இதனை மாற்றிப் பொருள் கொள்ளலாகாது. எதிர்ப்பொருளைக் கண்ணாடி இழையிலோ மின்முனையிலோ பதித்து, ஒளி அல்லது மின்சார மாறுதலால் அளவைக் காட்டச் செய்வதே 'உணரி'க் கருவியாகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அட்ரசினுக்குரிய சோதனை, அதற்கு நெருங்கிய உறவான மருந்துகளையும் ஓரளவு காட்டக்கூடும். வேறு இன மருந்துகளைக் காட்டாது. எனவே மருந்து உண்டெனத் தெரிந்தால் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்தல் வேண்டும். இல்லையெனத் தெரிந்தால், நீர் முற்றும் தூயதெனக் கொள்ளுதல் கூடாது.

தனி விவசாயிக்குச் சோதனைச் செலவு பாரமாகலாம். சங்கமாகச் சேர்ந்தால் அது எளிதாகும். அதுவரையில், தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவும் வழக்கத்தையேனும் இன்றே விட்டொழிப்போமாக!