கால் மடங்கிப் பிறந்த குட்டி

கால் மடங்கிப் பிறந்த குதிரைக்குட்டி உங்கள் கைக்கு வந்தால், அது சீம்பால் குடித்ததா என்று முதலில் கேளுங்கள். குதிரைக்கு வயிற்றுக்குள் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை, சீம்பாலில்தான் வரவேண்டும். பிறந்து ஒரு நாள் கடந்தால் குடல் அதை ஏற்காது. கால் சரியில்லாத குட்டிகள் பல, எழுந்து மடி தேட முடியாமல் இதிலேயே போய்விடுகின்றன.

அந்தியூர் பக்கத்திலிருந்து நான் கொண்டுவந்த பெட்டைக்குட்டிக்கு முன்னங்கால்கள் இரண்டும் குளம்புக்கு மேலே கணுவில் மடங்கியிருந்தன. ஊன்றிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. "நரம்பு இழுத்துக்கிச்சுங்கண்ணா, இனி தேறாதுங்க" என்றார் சொந்தக்காரர். ஆடிமாதச் சந்தையில் சுழியையும் காலையும் பார்த்தே விலை பேசுகிற ஊர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பால் மறக்கும்வரை தாயையும் அனுப்பச் சொன்னேன், சம்மதித்தார். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்குப் பல முறை பால் குடிக்கும் பிராணி அது; புட்டியில் கொடுத்து மாளாது.

கையால் மெல்ல நீட்டினால் கால் நிமிர்கிறதா என்று மருத்துவர் பார்த்தார். நிமிர்ந்தது. அப்படியென்றால் எலும்பு நன்றாக இருக்கிறது, தசைநாண்தான் குறுகியிருக்கிறது என்று நம்பலாம். பிறந்த சில நாட்களுக்குள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியை அதிக அளவில் ரத்தக்குழாய் வழியே ஏற்றினால் தசைநாண் தளரும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. மருத்துவர் கையால் மட்டுமே போடவேண்டும்.

சில குட்டிகளுக்கு நேர்மாறாகத் தசைநாண் தளர்ந்து, குளம்பின் நுனி மேலே தூக்கியிருக்கும். அதற்குத் தப்பை கட்டினால் இன்னும் தளரும். எந்தக் கோளாறு என்று தெரியாமல் கட்டுப்போடுவதும் எண்ணெய் போட்டு இழுத்துவிடுவதும் கொடுமை.

எங்கள் குட்டியின் தப்பைக்கு பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, விளிம்பைச் சூடுகாட்டி வெளிப்பக்கமாக வளைத்துக்கொண்டோம். காலில் பஞ்சைத் தடிமனாகச் சுற்றி, பின்பக்கம் குழாயை வைத்துக் கட்டவேண்டும். பகலில் கட்டி இரவில் அவிழ்த்தோம். அவிழ்க்கும்போதெல்லாம் பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். லேசான புளித்த வாடை வந்தாலே உள்ளே தோல் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். குட்டியின் தோல் அவ்வளவு மெல்லியது. எலும்பு துருத்தும் இடங்களையும் குழாயின் மேல்விளிம்பு படும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ சூடோ தெரிந்தால் அன்று கட்டு வேண்டாம். காலை நிமிர்த்துவதைவிடப் புண்ணை ஆற்றுவது கடினம்.

நடை, கெட்டியான சமதரையில் கொஞ்ச நேரம் போதும். கால் நடுங்கினால் உடனே படுக்க விடுங்கள். களைத்துப்போனால் வலியில் கால் மேலும் மடங்கும். நன்றாகத் தேறுகிறதே என்று தாயோடு திறந்த வெளியில் ஓடவிடும் ஆசையை அடக்கத்தான் வேண்டும்.

அடுத்த ஆபத்து முதல் ஆறு மாதத்துக்குள் வரும். பாசத்தில் கொள்ளும் கோதுமைத் தவிடும் அள்ளிப் போடுவோம். எலும்பு மளமளவென வளர, தசைநாண் பின்தங்கிக் குளம்பு செங்குத்தாக நிமிரும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. எலும்புக்கு அது ஆகாது. நான் தவிட்டை நிறுத்திவிட்டு, புல்லும் மருத்துவர் சொன்ன தாது உப்புக் கலவையும் கொடுத்தேன். குளம்பின் குதிப்பக்கத்தை மாதம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வைத்தேன்.

இன்று அவள் நான்கு காலும் ஊன்றி மேய்கிறாள். வலது முன்குளம்பு சற்றுச் செங்குத்தாகவே இருக்கிறது. சவாரிக்கு அவளை விடமாட்டேன்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு குட்டி பிறந்தால் அன்றைக்கே 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். அல்லது நாமக்கல், சென்னை வேப்பேரி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.