நெடுங்கால வால்மீன்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2024 அக்டோபர் நடுவில், சூரியன் மறைந்தபின் மேற்கு வானில் தென்பட்ட ட்சுச்சின்ஷான்–அட்லஸ் வால்மீன் 80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்ற செய்தி, இந்தியாவின் பிற நகரங்களைப் போலவே புனேயிலும் பரவியது. 1888 முதல் 1912 வரை மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகம் இயங்கியதும், இன்று ஐயூகா என்னும் வானியல் ஆய்வு மையம் இயங்குவதும் இந்நகரில்தான். சூரியனை ஒருமுறை சுற்ற 200 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நெடுங்கால வால்மீன்களைப் பற்றிய மூன்று நம்பிக்கைகளை இங்கே சீர்தூக்கிப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: ஒவ்வொரு வால்மீனுக்கும் மாறாத சுற்றுக்காலம் உண்டு.

உண்மை: ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பும் ஹாலி வால்மீனைக் கொண்டு எல்லா வால்மீன்களையும் அளப்பதால் எழுந்த எண்ணம் இது. 1997-இல் வெறுங்கண்ணுக்கே பளிச்செனத் தெரிந்த ஹேல்–பாப் வால்மீன், அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் வியாழன் கோளை 0.77 வானியல் அலகுத் தொலைவில் கடந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு. வியாழனின் ஈர்ப்பால், சுமார் 4,200 ஆண்டுகளாக இருந்த அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய 2,530 ஆண்டுகளாகக் குறைந்தது. சூரியனை மிக நெருங்கிய நிலையில் வினாடிக்கு 44 கி.மீ. வேகத்தில் சென்ற அவ்வால்மீனுக்கு இந்த மாற்றம் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர் வேக வேறுபாடே ஆகும். நெடுங்கால வால்மீன்கள் சூரியனின் பிடியிலிருந்து விடுபடத் தேவையான வேகத்தை ஒட்டியே செல்வதால், வேகத்தில் நேரும் சிறு மாற்றமும் சுற்றுக்காலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

நம்பிக்கை 2: வந்த வால்மீன் என்றேனும் திரும்பி வந்தே தீரும்.

உண்மை: ஒரு பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும் அளவு மையத்தொலைத்தகவு எனப்படும்; அது 1-க்குக் குறைவானால் பாதை மூடிய நீள்வட்டம், 1-ஐத் தாண்டினால் திரும்பிவராத அதிபரவளையம். 2024 செப்டம்பர் 27-ஆம் நாள் சூரியனுக்கு மிக அருகில் வந்த ட்சுச்சின்ஷான்–அட்லஸின் பாதைக்கு இந்த அளவு 1-ஐ மிகச் சிறிதே தாண்டியிருந்தது. 80,000 ஆண்டுகள் என்பது தொடக்கக் கணிப்பில் கிடைத்த எண்ணே. சூரியக் குடும்பத்தின் விளிம்பிலுள்ள ஊர்ட் மேகம் என்னும் பனிப்பொருள் திரளிலிருந்து வந்த அது, மீண்டும் வராமலே போகலாம். சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு, ஹார்வர்டில் பயின்றபோது 1949-இல் பார்ட் போக், நியூகிர்க் ஆகியோருடன் கண்டறிந்த வால்மீனுக்குச் சொல்லப்படும் சுமார் 60,000 ஆண்டுகளையும் ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 3: வால், வால்மீன் செல்லும் திசைக்குப் பின்னால் நீள்கிறது.

உண்மை: சூரிய ஒளியின் அழுத்தம் தூசியையும், சூரியக் காற்று எனப்படும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் அயனி வாயுவையும் தள்ளுவதால், வால் பொதுவாகச் சூரியனுக்கு எதிர்த்திசையிலேயே நீள்கிறது; சூரியனை விட்டு விலகும்போது வால் முன்னே செல்ல, தலை பின்தொடர்கிறது. 2024 அக்டோபர் 14-ஐ ஒட்டிப் பூமி ட்சுச்சின்ஷான்–அட்லஸின் பாதைத் தளத்தைக் கடந்தபோது, அத்தளத்தில் பரவிக் கிடந்த கனத்த தூசி பக்கவாட்டில் பார்க்கப்பட்டதால், சூரியனை நோக்கிய மெல்லிய கோடாக எதிர்வால் ஒன்றும் படங்களில் பதிவானது.

ஆகவே, ஒரு வால்மீனின் சுற்றுக்காலத்தைக் கூறுவோர், அது கோள்களின் பகுதிக்குள் நுழையுமுன் இருந்த பாதைக்குரியதா, வெளியேறும் பாதைக்குரியதா என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். அந்த விளக்கம் இல்லாத எண், எவ்வளவு வியப்பூட்டினாலும், அறிவியல் செய்தி ஆகாது.